சேதாரக் கணக்கு

செஞ்சி, ஆடி அமாவாசை, 1964

லீவில் ஊருக்கு வந்தும் ஆபீஸ் என்னை விடவில்லை. அமாவாசைக்காக பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டதால் பஜாரில் கூட்டமில்லை. வேர்க்கடலை வாங்கப் போன என்னை மளிகைக் கடை காதர் பாய் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அவர் மகன் பட்டாளத்துக்குத் தேர்வாகியிருக்கிறான். அடுத்த வாரம் கிளம்புகிறான்.

"தம்பி, நீங்க பட்டாளத்துச் செலவுக்குக் கணக்குப் போடுற ஆபீஸ்லதானே இருக்குறீங்க? எங்க சலீமுக்கு கவர்மெண்டு இன்னா இன்னா செலவு பண்ணும்?"

சம்பளம், ரேஷன், உடுப்பு, பூட்ஸ், ரயில் பாஸ், வைத்தியம் என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு சிப்பாய்க்கு ஆகும் செலவை ஆள்கணக்கால் பெருக்கி, அடுத்த வருஷத்துக்குப் பணம் கேட்போம் என்றேன். பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார்.

"நான் சரக்கு எடுத்தா சேதாரத்துக்குன்னு தனியா ஒதுக்கிடுவேன். உங்க கணக்குல அது இருக்குதா?"

"இருக்குது பாய். அரிசிக்கு, துணிக்கு."

ஆளுக்கும் இருக்கிறது. சாவு, காயம், ஓய்வு என்று இத்தனை பேர் குறைவார்கள், அவர்கள் இடத்துக்கு இத்தனை பேரைப் புதிதாகப் பழக்க வேண்டும் என்று வருஷா வருஷம் நான்தான் எழுதுகிறேன். அதில் தவறில்லை. எழுதாமல் விட்டால்தான் தவறு.

கடலையை எடை போட்ட பிறகு பாய் இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

"வழியில கொஞ்சம் சிந்துனாலும் குறையாது தம்பி."

வீடு வந்து சேரும்வரை பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தேன்.