இசைத்தட்டில் தேய்ந்த இடம்

ஆச்சி,

வீடு முழுக்க விளக்கெண்ணெய் வாடை. உங்கள் அறையைத் திறந்து அந்தக் கிராமபோன் பெட்டியை வெளியே தூக்கிவந்த நாளிலிருந்து இப்படித்தான். நீங்கள் கண்ணை மூடிய மறுவாரம், பித்தளைச் சாமான்களுக்குத் தடவி வைப்பதுபோல இதற்குள்ளும் நம் மாமியார் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றச் சொல்லி, துணி சுற்றிப் பூட்டி வைத்தார். துருப்பிடிக்காதாம். ஆறு வருஷத்தில் எண்ணெய் பிசினாக இறுகிவிட்டது. காரைக்குடியிலிருந்து வந்த கடிகாரக்காரர் அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன வேலை பண்ணி வச்சிருக்கீக? இதென்ன அண்டாவா குண்டாவா?" என்றார்.

திடீரென்று இப்போது எதற்கு இந்த அக்கறை என்று கேட்பீர்கள். என் மகனுக்குக் கல்யாணம் வந்தது. சம்பந்தி வீட்டார் காதில் விழும்படி பாட்டு வைக்க வேண்டும் என்றார் மாமியார். ரங்கூனிலிருந்து உங்கள் வீட்டுக்காரர் உங்களுக்கென்று கொண்டுவந்த பெட்டி இப்போது குடும்பத்தின் பெருமையாகிவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் சொல்கிறார்: "மூத்த மருமக தங்கமானவ. எம் மகன் போன பெறகு பதினாலு வருசம் இருந்தா, இந்தப் பொட்டியத் தொட்டதில்ல." தொட முடியாமல் செய்தது யார்?

உங்கள் வீட்டுக்காரரின் கருமாதி முடிந்த மறுநாள் அது. நான் இளைய மருமகளாக இந்த வீட்டுக்கு வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. மாமியார் என்னைக் கூப்பிட்டு, "தாலியறுத்தவ அறையில பாட்டுக் கேட்டா ஊரு காறித் துப்பும். பொட்டி இருக்கட்டும். கைப்பிடியக் கழட்டிக்கிட்டு வா" என்றார். ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, அவன் சாமான் அந்த அறையில்தான் இருக்கவேண்டும் என்பது வீட்டு வழக்கமல்லவா? அதனால் பெட்டியைத் தூக்க மனம் வரவில்லை. சாவி கொடுக்கும் கைப்பிடியை மட்டும் பிடுங்கிக்கொண்டால் போதும் என்று நினைத்தார். வழக்கமும் கெடவில்லை, பாட்டும் வராது. என்ன ஒரு நியாயம்.

நான் உங்கள் அறைக்கு வந்தேன். நீங்கள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். கைப்பிடியின் மரை இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. நீங்களே எழுந்து வந்தீர்கள்.

"இடப்பக்கமாத் திருப்பணும்" என்று சொல்லிக் கழற்றி என் கையில் வைத்தீர்கள். "கனமா இருக்கு, பாத்துப் போ. கால்ல போட்டுக்கிராத."

ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா ஆச்சி? நான் அதை முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அன்று மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

கடிகாரக்காரர் இரண்டு நாள் சீமெண்ணெயில் கழுவிக் கழுவிச் சக்கரங்களை மீட்டெடுத்தார். மூன்றாம் நாள் காலையில், "இங்குட்டு வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். பெட்டியிலேயே கிடந்த இசைத்தட்டைக் காட்டினார். உங்கள் வீட்டுக்காரர் விரும்பிக் கேட்ட அந்த முருகன் பாட்டு. நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில், ஒரே ஓர் இடத்தில், விரல்நுனி அளவுக்குக் காகிதமே இல்லை. தேய்ந்து கறுப்புத் தெரிந்தது.

"கைப்பிடி இல்லாம, வெரல வச்சே சுத்தியிருக்காக. ஒரு நாள் ரெண்டு நாளு இல்ல, வருசக்கணக்கா" என்றார். பிறகு சத்தம் வரும் புனலுக்குள் கைவிட்டு ஒரு துணிச்சுருளை இழுத்தார். வெள்ளைச் சேலையின் கிழிசல். சத்தம் அறையைத் தாண்டாமலிருக்க நீங்கள் அடைத்தது.

அவர் சாப்பிடப் போனதும் அந்தத் தேய்ந்த இடத்தில் என் விரலை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். பாட்டு முனகியது, திடீரென்று கீச்சிட்டது, மறுபடி முனகியது. சீராக ஒரு வரி வரவில்லை. பதினாலு வருஷம் இதைத்தானா கேட்டீர்கள்? அடுத்த அறையில் இருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

மாமியார் தன் பெட்டகத்திலிருந்து கைப்பிடியை எடுத்துக் கொடுத்தார்; கல்யாணத்தில் பாட்டு ஜோராகத்தான் ஓடியது. போன வருஷம் புருஷனைப் பறிகொடுத்துத் திரும்பி வந்த என் மகளை மட்டும் பின்கட்டை விட்டு வெளியே வரவிடவில்லை. தம்பி கல்யாணத்தை அவள் அங்கிருந்தே காதால் கேட்டாள். எல்லாரும் போனபின், "அந்தப் பொட்டி என் அறையில இருக்கட்டும்மா" என்றாள். கொண்டுபோய் வைத்தேன்.

சாயங்காலமே மாமியார் கூப்பிட்டுவிட்டார். "பொட்டி இருக்கட்டும். கைப்பிடியக் கழட்டிக்கிட்டு வா." இருபது வருஷத்துக்குப் பிறகும் அதே வார்த்தை.

"மாட்டேன். வேணும்னா நீங்களே போயி அவ கையிலேருந்து பிடுங்கிக்கங்க" என்றேன்.

அவர் போகவில்லை, ஆச்சி. அவ்வளவுதான் நடந்தது. என் மகள் என்றதும் எனக்கு வாய் வந்தது. உங்களுக்காக வரவில்லை. ஒரே ஒரு தடவை வந்திருந்தால் போதும் என்பது இப்போது தெரிகிறது. மன்னியுங்கள் என்று எழுத எனக்குக் கூசுகிறது.

இதை எழுதும்போது அவள் அறையில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. புனலில் துணி இல்லை. அது என் இடுப்பில் செருகியிருக்கிறது.