மாமா எழுதிய ‘மணமாகாதவர்’

நவம்பர் 18, செவ்வாய்

முதல் கணவன் வீட்டில் அந்த எட்டு மாதமும் வாழ்ந்தவள் நான்தான் என்று இன்று அம்மாவிடம் சொல்லவில்லை.

கணவன் அருணை அமெரிக்காவில் நான் இருக்கும் எடிசனுக்கு அழைக்கும் விண்ணப்பத்தில் என் முதல் திருமணத்தையும் விவாகரத்துத் தீர்ப்பையும் காட்டியாக வேண்டும். ஆனால் மதுரையில் எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்தபோது, என் தாய்மாமா குடும்ப கௌரவத்துக்காக என்னை ‘மணமாகாதவர்’ என்று எழுதியிருக்கிறார். அருணின் விசா நின்றுபோக இந்த ஒரு முரண் போதும்.

“எட்டே மாசம்டி. அதெல்லாம் ஒரு கல்யாணமா? எத்தனை கல்யாணம்னு கேட்டா ஒண்ணுன்னே போட்டு அப்ளை பண்ணிடு,” என்றாள் அம்மா போனில்.

“அருணுக்குத் தெரியும்மா.”

“அவங்கம்மாவுக்குத் தெரியாதே!”

படிவத்தில் இரண்டு என்று எழுதினேன். பதிவைத் திருத்தச் சொல்ல அருணை அழைத்தேன். போனை மாமியாரிடம் கொடுக்கச் சொல்லி, நானே எல்லாவற்றையும் சொன்னேன். மாமியார் கடைசிவரை கேட்டார். பிறகு போனை வைத்துவிட்டார்.