மாமி மேடு

1982 ஜூலை 29, வியாழன்

பெருநாள் முடிந்து ஒரு கிழமை. பக்கத்து வீட்டுச் சிநேகிதி சித்தி லைலா தந்த தொதல் இன்னும் தட்டில் கிடக்கிறது, எறும்பு மொய்த்து. தின்னவும் மனமில்லை, எறியவும் மனமில்லை.

இந்த டயறி புடவைக் கடையில் என் புருசன் ஆதம்பாவாவுக்குக் கொடுத்தது. வருசா வருசம் கொடுப்பார்கள். "நீ அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சவள், எழுது" என்று என்னிடம் தந்துவிடுவார். கோழி அடை வைத்தது, கூரை ஒழுகியது என்று எதையாவது எழுதுவேன். ஏப்ரல் முப்பதுக்குப் பிறகு ஒன்றுமே எழுதவில்லை. அன்றைக்குத்தான் இவர் மவுத்தானார். வெள்ளிக்கிழமை.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் காக்கா, கூடப்பிறந்த மூத்தவர், முகம்மது தம்பி. வாசலில் நின்றபடி சொல்லிவிட்டுப் போனார்.

"ஆதம்பாவாட சைக்கிள் சும்மா நிண்டு துருப்பிடிக்கிது புள்ள. கல்முனை ஜவுபர் கேக்கிறான். செப்டம்பர் ஒம்பதில உன்ட இத்தா முடியிது. அண்டைக்கு வந்து எடுத்துக்கிட்டுப் போகட்டும். நீ என்ன, சைக்கிளா ஓடப் போறாய்?"

புருசன் போனவள் நாலு மாசமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்கிற இத்தா. வாசல் சுவரில் தொங்கும் கலண்டரில் சிவப்புப் பென்சிலால் ஒன்பதாம் திகதியைச் சுழித்து வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியும். இது ஒருவருக்கும் தெரியாது.

கல்யாணம் முடித்த வருசம் என்னை முன் பாரில் ஏற்றி சாகாமம் குளக்கட்டுக்குக் கூட்டிப் போனார். அதற்கு அங்கால் காடு, கல்மலை. கிறவல் றோட்டு ஒன்று மட்டும் உள்ளே போகிறது. பஸ் இல்லை, லொறி இல்லை. "இந்த றோட்டில வாகனமும் இல்ல, வாயும் இல்ல, நீ பயப்படாமப் பழகு" என்றார். சேலையைக் கொடுக்குக் கட்டிக்கொண்டு நாலு நாள் விழுந்தேன். ஐந்தாம் நாள் விழவில்லை.

பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் றோட்டு முழுவதும் எனக்குத் தெரியும். பொட்டணியைக் கட்டிக்கொண்டு, காடு வெட்டிப் பயிர் செய்கிற சேனைப் பக்கம் புடவை விற்கப் போய் வந்தால், சோறு தின்னத் தின்னச் சொல்லுவார். முதலில் மருத மரங்கள். பிறகு ஒட்டகம் படுத்த மாதிரி ஒரு கல். பிறகு மூன்று மேடு. கடைசி மேட்டுக்கு என் உம்மாவை நினைத்து மாமி மேடு என்று பெயர் வைத்திருந்தார். "எவ்வளவு தள்ளினாலும் அசையாது." உம்மா இருந்த காலத்தில் இது காதில் விழுந்திருந்தால் சட்டியால் எறிந்திருப்பா.

அந்த மாமி மேட்டில்தான் இவர் உயிர் போனது.

ஆகஸ்ட் 11, புதன்

குணம் என்கிறவரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் சேனை செய்கிறவர். அவர்தான் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி இவருடைய மையத்தைக் கிடத்திக் கொண்டு வந்தார். மூன்றாம் நாள் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வந்தார், அவ்வளவு தூரமும். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். "கடைசியா ஒரு சொல்லுச் சொன்னவர், தங்கச்சிட்டச் சொல்லணும்" என்றது கேட்டது. காக்கா இடையில் விழுந்து, "இத்தாவில இரிக்கிற பொம்புளை. நீ போ" என்று அனுப்பிவிட்டார்.

என்ன சொல்? கடைசி மூச்சில் சொல்ல வேண்டிய கலிமாவா? அதைச் சொல்லித்தான் போனாரா, இல்லையா? காக்காவிடம் கேட்டேன். "அவனுக்கு என்னடி விளங்கும்" என்றார்.

யாரை அனுப்பிக் கேட்பது? இவரைத் தவிர அந்த றோட்டில் போன ஆள் இந்த ஊரில் இல்லை. சைக்கிளும் போய்விட்டால்?

ஆகஸ்ட் 12

நித்திரை இல்லை. தலை கனக்கிறது.

ஆகஸ்ட் 20, வெள்ளி

சித்தி லைலா அரிசி புடைத்துக்கொண்டு கலண்டரைப் பார்த்தாள்.

"இதென்ன கா சுழி?"

"இத்தா முடியிற நாள். காக்கா போட்டது."

சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "கடைக் கலண்டராலயா இத்தா எண்ணுறது? அவர் போனது ரஜபுப் பிறை ஆறில. பிறையால எண்ணு. பிறை மாசம் நாள் குறைச்சல், நாலு மாசமும் பத்தும் அதுக்கு முன்னமே முடிஞ்சிரும்."

விரல் கணுவில் இருவரும் எண்ணினோம், மூன்று தரம். செப்டம்பர் நாலாம் திகதி அந்தி மஃரிபோடு முடிகிறது. காக்கா வர இன்னும் ஐந்து நாள் இருக்கும்.

அவளுக்கு விளங்கிவிட்டது போல. "நான் ஒண்டும் காணல்ல" என்று சுளகை எடுத்தாள்.

செப்டம்பர் 5, ஞாயிறு

போனேன்.

சுபஹ் தொழுதுவிட்டு ஊருக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். திருத்தக் கொண்டு போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். குளக்கட்டில் ஏறினேன். இரண்டு தரம் விழுந்தேன். முழங்கால் உரிந்துவிட்டது. இந்த வயதில் இது தேவையா என்று யாரும் கேட்கவில்லை, நானே கேட்டேன்.

மருத மரம் இருந்தது. ஒட்டகக் கல் இருந்தது, சொன்ன மாதிரியே. சிவப்புக் கிறவலில் டயருக்குக் கீழே கல் நொறுங்கும் சத்தம் மட்டும். ஒரு இடத்தில் யானை லத்தி, காய்ந்தது. மணியை அடித்துக்கொண்டே போனேன், இவர் அப்படித்தான் செய்வார். முதல் மேடு தள்ளினேன். இரண்டாவது மேடு தள்ளினேன். மாமி மேட்டில் பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். எந்த இடம் என்று தெரியவில்லை. எல்லா இடமும் ஒரே மண்.

இறங்கியதும் ஒரு குடிசை. நேசம்மா, குணத்தின் மனைவி, ஓடி வந்தா.

"காக்காட மணியெல்லோ கேட்டது! எண்ட நெஞ்சு நிண்டு போச்சு. ஆரு கா நீ, பொம்புளை சைக்கிள்ல?"

சொன்னேன். அவவுக்கு இவர்தான் காக்கா. கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. நான் அழவில்லை, களைத்திருந்தேன். குணம் சோளத்துக்குள் இருந்து வந்தார். கேட்க வந்ததைக் கேட்டேன்.

"கலிமா சொன்னாரா?"

"அது எனக்குத் தெரியா தங்கச்சி. பொய் சொல்லக் கூடா." தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். "மேட்டில தள்ளிக்கிட்டு வந்தவர், அப்பிடியே நிலத்தில இருந்திட்டார். நான் பின்னால வண்டியில. தண்ணி குடுத்தன். காக்கா மேடு ஏறக்குள்ள ஒரு சொல்லுச் சொல்லுவார், இறங்கக்குள்ள வேற ஒண்டு. பத்து வருசமா கேட்டிருக்கன்."

"என்ன சொல்லுவார்?"

"ஏறக்குள்ள அல்லாகு அக்குபர். இறங்கக்குள்ள சுபுகானல்லா. அண்டைக்கு மேட்டிலயே இருந்துக்கிட்டு இறக்கத்துச் சொல்லைச் சொன்னார். பகிடிக்கு எண்டு நினைச்சன். பார்த்தா, கண் மூடிட்டுது."

நேசம்மா மோர் தந்தா. குடித்தேன். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது.

வரும்போது மாமி மேட்டின் உச்சியில் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன். பிறேக்கைப் பிடிக்காமல் விட்டேன். அந்தச் சொல்லை நானும் சொன்னேன், சத்தமாகவே.

செப்டம்பர் 6

உடம்பெல்லாம் நோவு. பகல் முழுக்கப் படுத்திருந்தேன், நித்திரை வந்தது.

செப்டம்பர் 9, வியாழன்

காக்கா ஜவுபரோடு வந்தார். ஜவுபர் பிறேக்கைப் பிடித்துப் பார்த்து, "கட்டை தேஞ்சி போச்சு" என்றான். காக்கா சக்கரத்தைத் தடவினார். விரல் சிவந்தது.

"இதென்ன மண்?"

"குணத்திட்டப் போனன் காக்கா."

"இத்தாவிலயா?"

"பிறையால எண்ணிப் பாருங்க."

வாசலில் நின்றே எண்ணினார். திரும்பவும் எண்ணினார். ஜவுபர் சிரித்துவிட்டான். "கடைக் கலண்டராலயா எண்ணினீங்க காக்கா?"

அதோடு காக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொம்புளை சைக்கிள் ஓடினா ஊர் என்ன கதைக்கும்?"

"அங்க ஊர் இல்ல காக்கா. சைக்கிள் நான் குடுக்கல்ல."

திரும்பிப் பார்க்காமல் போனார். இருக்கிற ஒரே காக்கா. கலண்டரில் அந்தச் சுழி இன்னும் இருக்கிறது.

ஒக்டோபர் 3, ஞாயிறு

ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் காக்கா வரவில்லை. குர்பான் இறைச்சியைச் சித்தி லைலாவிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். பையின் அடியில் கடதாசியில் சுற்றி இரண்டு பிறேக் கட்டை, புதுசு. அவளுக்கும் அது தெரியாது; காக்கா வைத்ததுதான்.

இவருடைய பொட்டணியில் மிச்சம் இருந்த சீத்தைத் துணித் துண்டுகளை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன். நேசம்மா நீலத்தில் கேட்டிருந்தா. மழைக்கு முன்னே இன்னும் இரண்டு தரம் போகலாம். மாமி மேட்டில் இறங்கித் தள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

நாளைக்குக் கட்டையைப் பூட்ட வேண்டும்.