வேப்பமரத்தடியில் நிறுத்திய பரிசுத்தம்

அலுமாரியைத் திறந்தால் இன்னும் உங்கள் வெள்ளைச் சேட்டின் கஞ்சி வாசம்தான் முதலில் வருகிறது. நீங்கள் என்னை விதவையாக்கிப் போய் மூன்று வருடம். இன்று நிலாவெளிக்குப் போகச் சேலை எடுக்கத் திறந்தேன். அந்தச் சேட்டைக் கண்டதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுதித்தான் தீர்க்க வேண்டும். உயிரோடு இருந்தபோது என்னை எங்கே பேச விட்டீர்கள்?

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போன வருடம் அம்மா இறந்தார். நாம் இருவரும் ஞானஸ்நானம் எடுத்து ஆறு மாதம்தான். உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனீர்கள். நிலாவெளியில் அம்மா வீட்டுப் படலை வாசலுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் என்னை நிறுத்தினீர்கள். உள்ளே பறை கேட்டது.

"கிரியை முடியட்டும். பரிசுத்தம் எண்டால் வேறுபிரிஞ்சு நிக்கிறது."

அண்ணன் ஈர வேட்டியோடு ஓடி வந்தார். "தங்கச்சி, எடுக்கப்போறம். ஒருக்கா வந்து அம்மான்ர முகத்தைப் பார்த்திட்டுப் போ."

நான் வாய் திறக்குமுன் நீங்கள் சொன்னீர்கள்: "ஏலாது. அவள் பரிசுத்தமாக்கப்பட்டவள்."

நானும் மரம்போல நின்றேன். அதற்காக என்மேலும் கோபம்தான். பாடை என்னைக் கடந்து போனது. மூடிய வெள்ளைத் துணி மட்டும் தெரிந்தது.

அடுத்த மாதமே நீங்கள் வேலை பார்த்த களஞ்சியத்துப் பெரியவரின் தகப்பன் இறந்தார். இந்தச் சேட்டைக் கஞ்சி போட்டு மினுக்கித் தரச் சொன்னீர்கள். அந்தச் செத்தவீட்டில் புத்த பிக்குமார் பிரித் மந்திரம் ஓத, தலை குனிந்து ஒரு மணித்தியாலம் நின்றதை நீங்களே வந்து சொன்னீர்கள்.

"அங்கை நிக்கலாமோ?" என்று கேட்டேன்.

"அது உத்தியோகம். உமக்கு விளங்காது."

எனக்கு நன்றாகவே விளங்கியது. அன்று எழுந்து மீன் வெட்டப் போய்விட்டேன்.

நான் விசுவாசத்தை விடவில்லை. ஞாயிறுதோறும் சபைக்குப் போகிறேன். ஆனால் உங்கள் பரிசுத்தத்தோடு எனக்கு வழக்கு இருக்கிறது. விருந்தாளிக்கென்று ஒரு கோப்பையைப் பிரித்து எடுத்து வைக்கிறோம். அலுமாரியில் பூட்டி வைக்கவா? வருகிறவருக்குத் தேநீர் கொடுக்கத்தானே. நம்மையும் அப்படித்தான் கர்த்தர் பிரித்தெடுத்தார் என்று நான் நம்புகிறேன். வேதத்தில், நாயீன் ஊர் வாசலில் அவர், மகனைப் பறிகொடுத்து அழுத தாயிடம் போனார், பாடையைத் தொட்டார். தீட்டு அவரில் ஒட்டவில்லை. அந்தப் பகுதியை எத்தனை தரம் எனக்கு வாசித்துக் காட்டியிருப்பீர்கள்!

உங்கள் சவப்பெட்டியின் தலைமாட்டுப் பக்கத்தைத் தூக்கியவர் யார் தெரியுமா? என் அண்ணன். கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் விபூதியோடு வந்தார். ஜெபம் முடியும்வரை நம் வீட்டுக்குள்ளேயே இருந்தார். சபையார் அவர் நெற்றியைப் பார்த்தார்கள். பெட்டி பாரம் என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இன்று அம்மாவின் திவசம். முதல் தடவையாகப் போகிறேன். பையில் வேதாகமம் இருக்கிறது, அண்ணனுக்கு அந்தச் சேட்டும் இருக்கிறது. வேப்பமரம் இன்னும் நிற்கிறதாம். நான் அதைத் தாண்டி உள்ளே போய், எல்லாரோடும் பாயில் இருப்பேன்.

அம்மாவின் முகத்தை மட்டும் எனக்கு இனி ஒருவராலும் காட்ட முடியாது. அதற்கு உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இன்று காலை ஜெபத்தில் கர்த்தரிடமும் அதை அப்படியே சொல்லிவிட்டேன்.