பாக்கி இருந்த ஒரு பேர்

அண்ணா,

காலை பஸ்ஸில் உங்கள் வீட்டிலிருந்து ஒரு சாக்குப் பொட்டலம் வந்தது. இறக்கிக் கொடுத்த கண்டக்டர், "என்னாம்மா, உள்ள இரும்பா வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். எனக்குப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. விளக்கெண்ணெயும் புளியமரமும் கலந்த வாசனை சாக்கைத் தாண்டி வந்துவிட்டது. உங்கள் முட்டுக்கட்டை. தேர்ச் சக்கரத்துக்கு முன்னால் நீங்கள் குனிந்து செருகுவீர்களே, அந்தக் கட்டை. "இது அந்த ஊர்ச் சாமான், அங்கேயே இருக்கட்டும்" என்று அண்ணி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

மாசியில் நீங்கள் இறந்துபோன செய்தி வந்தது. இப்போது சித்திரை. நாளைக்கு நம் ஊர்த் தேர். கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதன் ஓரத்தில் சக்கரம் கடித்த தடம் அப்படியே இருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன், உடனே எடுத்துவிட்டேன்.

வெளியூரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை, நம் ஊரில் தேர் எப்படிக் கிளம்பும் என்பதை. ஆத்தாவைத் தேரில் ஏற்றி, வடத்தைப் பிடித்து, எல்லாரும் தயாராக நின்ற பிறகும் தேர் நகராது. முதலில் பேர் கூப்பிட வேண்டும். ஊருக்காக ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் பேர். வாய்க்கால் வெட்டத் தன் நிலத்தை விட்ட வெங்கட ரெட்டி. காலரா வந்தபோது யாரும் தொடாத பிணங்களைத் தன் ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு போன காதர் சாயபு. அதே காலராவில் வீடு வீடாகக் கஞ்சி காய்ச்சி ஊற்றிவிட்டுக் கடைசியில் தானும் படுத்துவிட்ட ஆரோக்கியம்மா. பூசாரி ஒவ்வொரு பேரையும் அந்தந்த வீட்டுப் பேச்சில் கூப்பிடுவார். செத்தவர்களுக்கு வீட்டுப் பேச்சு மட்டும்தான் காதில் விழும் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. பதிலும் அதே பேச்சில் வர வேண்டும். ரெட்டி வீட்டார் தெலுங்கில் "ஒச்சினாம்" என்பார்கள். சாயபு வீட்டார் உருதுவில் "ஆயே" என்பார்கள். ஆரோக்கியம்மாவின் தங்கை மகன் சிலுவை போட்டுக்கொண்டு "வந்தோம்" என்பான். கடைசிப் பேருக்குப் பதில் வந்த பிறகுதான் நீங்கள் கட்டையை உருவுவீர்கள்.

அந்தக் கடைசிப் பேர் என் வீட்டுக்காரருடையது. பெருமழை வருஷத்தில் ஏரிக்கரை உடைந்தபோது, மாடுகளை அவிழ்த்துவிட்டு, சுண்ணாம்புக்கல் ஏற்றிய வண்டியை உடைப்புக்குள் தள்ளினார். வண்டியோடு அவரும் போனார். கரை நின்றது. அடுத்த தேரிலிருந்து பூசாரி "பசப்பா" என்று கன்னடத்தில் அழைத்தார். நானும் எங்கள் பேச்சில் "பந்த்வி", வந்தோம், என்று சொன்னேன். பேர் கூப்பிடுகிற வீடுகளுக்குத்தான் ஏரித் தண்ணீரில் முதல் முறை. என் அரை ஏக்கர் நெல்லும் என் மகளின் சாப்பாடும் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தன.

நீங்களும் அவரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் அப்போதெல்லாம் சிரிப்பு வரும். நீங்கள் அவரிடம் அரைகுறைக் கன்னடத்தில் பேசுவீர்கள், அவர் உங்களுக்கு அரைகுறைத் தமிழில் பதில் சொல்வார். கூடப் பிறக்காத என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவீர்கள். "தங்கச்சி, உன் வூட்டுக்காரரு என் கன்னடத்தைக் கேட்டுப் பயந்துதான் தமிழ்ல பேசறாரு" என்பீர்கள். ராயக்கோட்டை ரோட்டில் வண்டி போகிற தூரமெல்லாம் இந்தக் கூத்துதான்.

பிறகு அந்த வருஷம் வந்தது. மாநிலத்தை மொழிவாரியாகப் பிரிக்கப் போகிறார்கள், ஓசூர்ப் பக்கம் யாருக்கு என்று பேச்சு கிளம்பிய வருஷம். உத்தனப்பள்ளிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதுகூட எந்தப் பேச்சில் விலை கேட்கிறோம் என்று திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை நான் எந்தப் பேச்சில் இருமுகிறேன் என்றுகூட யாரும் கவனித்ததில்லை. தெலுங்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சாயபு வீட்டாரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வருஷத்துக் குற்றம் கன்னடம்.

தேருக்குப் பத்து நாள் இருக்கும்போது விழாக் கமிட்டித் தலைவர் வீட்டுக்கு வந்தார். அரிசி மில் வைத்திருந்தவர், எல்லாருக்கும் அவர் மில்காரர்தான். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன், பயந்த மனிதர். பயந்தவர்களிடம்தான் எனக்கு அதிகப் பயம்.

"இந்த ஒரு வருஷம் தமிழ்லயே கூப்பிட்டுடறோம். நீயும் தமிழ்லயே பதில் சொல்லிடும்மா. தேர்ல கன்னடத்துல பேர் கூப்பிடறாங்கன்னு எவனாவது எழுதிப் போட்டா, ஊரே அந்தப் பக்கம் போயிடும்."

"அவருக்குக் காதுல விழாதுங்களே" என்றேன்.

"அப்ப கூப்பிட முடியாது" என்று எழுந்துவிட்டார். வாசல் தாண்டும்போது, "தண்ணி விஷயத்தையும் யோசிச்சுக்கோ" என்றார். சத்தம் போடாமல் சொன்னார்.

கன்னடம் பேசுகிற எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அன்றைக்கே வந்து, "பேரைக் கூப்பிடாமல் விட்டால் வடத்தை அறுப்போம்" என்று வீறாப்பு பேசினார்கள். அவர்களையும் துரத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் பேரை வைத்து யாரும் யாரையும் வெட்டிக்கொள்ள வேண்டாம். தேரன்றைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு குருபரப்பள்ளியில் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். அதைக் கேள்விப்பட்டு நீங்கள் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுவிட்டு, கையெல்லாம் பிசுபிசுப்போடு வந்து வாசலில் நின்றீர்கள்.

"எங்கயும் போவாத. வந்து எப்பவும் நிக்கற எடத்துல நில்லு."

"கூப்பிட மாட்டாங்கண்ணா. அங்க நின்னு என்ன செய்யறது?"

"நில்லுன்னு சொல்றன்."

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள்மேல் கோபம்தான் வந்தது.

ஆனாலும் போனேன். தேருக்கு இடது பக்கம், பின்சக்கரத்தின் அருகே, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வருஷம் போலீஸ்காரர்கள் வந்திருந்தார்கள். பூசாரி என்னைப் பார்க்கவே இல்லை. வெங்கட ரெட்டிக்குப் பதில் வந்தது. காதர் சாயபுக்குப் பதில் வந்தது. ஆரோக்கியம்மாவுக்குப் பதில் வந்ததும் பூசாரி கற்பூரத் தட்டைக் கையில் எடுத்தார். மில்காரர் துண்டை வீசினார். முன்னால் வடம் பிடித்திருந்தவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும், துண்டு வீசினால் இழுக்க வேண்டும். இழுத்தார்கள்.

தேர் ஒரு முறை உலுக்கிக்கொண்டு நின்றது. எனக்குப் பக்கத்துச் சக்கரத்தடியில் கட்டை அப்படியே இருந்தது. நீங்கள் அதன்மேல் கையை வைத்தபடி குந்தியிருந்தீர்கள்.

"கட்டைய எடுப்பா" என்றார் மில்காரர்.

"ஒரு பேரு பாக்கி இருக்குதுங்க."

"யார் பேரு?"

"அதைப் பூசாரிதான் சொல்லணும். நான் கட்டை போடறவன்."

பூசாரி தட்டில் இன்னொரு கற்பூரத்தை வைத்தார். முன்னால் இருந்த கூட்டத்துக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. மேளம் வேறு. தேர் ஏன் வரவில்லை என்று மறுபடியும் மூச்சுப் பிடித்து இழுத்தார்கள். சக்கரம் கட்டைமேல் ஏறியது. அச்சு முனகியது. உச்சியில் இருந்த கலசம் எதிர்ப்பக்கம் சாய்வதை நான் பார்த்தேன். போலீஸ்காரர் ஊதல் ஊதினார், அது மேளத்தில் கரைந்துபோனது. நீங்கள் நகரவில்லை. கட்டை நழுவாமல் இருக்க இன்னொரு கையையும் கொடுத்தீர்கள். உங்கள் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "எடுத்துடுங்கண்ணா, வேண்டாம், எடுத்துடுங்க" என்று கெஞ்சினேன். நீங்கள் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள். வலியில் உங்கள் உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் பார்வை நிதானமாக இருந்தது, ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பவரைப் போல.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ஏன் வந்து நில் என்று சொன்னீர்கள் என்று.

"பந்த்வி" என்றேன். யாரும் கூப்பிடாத பேருக்கு. முதல் தடவை மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கத்தினேன். மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் மூன்றாம் தடவையும் சொன்னேன். என் மகளும் கூடவே சொன்னாள்.

"பதில் வந்துருச்சு" என்றீர்கள் நீங்கள், மில்காரரைப் பார்த்து. வடத்தைத் தளர்த்தச் சொல்லிக் குரல் கொடுத்தீர்கள். சக்கரம் பின்னால் இறங்கியதும் கட்டையை உருவினீர்கள். தேர் போய்விட்டது. மில்காரர் அதன் பின்னாலேயே நடந்தார். பதில் வந்த பேரை இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உங்கள் வலது கையில் இரண்டு விரல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். "அழுவாத, பொட்டப்புள்ள பயந்துக்கும்" என்றீர்கள்.

அந்த வருஷம் என் வயலுக்குத் தண்ணீர் வந்தது. அடுத்த வருஷம் பூசாரி தானாகவே கன்னடத்தில் கூப்பிட்டார். அதற்குள் எல்லைக்கோட்டைக் கிழித்து முடித்திருந்தார்கள், ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அன்றைக்குச் சக்கரத்தடியில் நீங்கள் இல்லை. தேர் வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. இரண்டு விரல் இல்லாமல் உளி பிடிக்க முடியாத ஆசாரிக்கு ஊரில் என்ன பிழைப்பு? இந்தக் கட்டையையும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு பெங்களூருக்குப் போய், ஒரு பாக்டரியின் மர ஷெட்டில் பலகை அடுக்கினீர்கள். ஒரு முறை பார்க்க வந்தபோது கேட்டேன், அங்கே எப்படி என்று. "எல்லாரும் கன்னடத்துலயே திட்டறாங்க. பசப்பா புண்ணியத்துல ஒண்ணு விடாம புரியுது" என்று சிரித்தீர்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. இந்த ஊருக்காக நீங்கள் கொடுத்தது உங்கள் கை. இந்த ஊர் உங்களை பஸ் ஏற்றிவிட்டது. இதை நான் மன்னிக்கவில்லை, அண்ணா. நீங்கள் மன்னித்திருப்பீர்கள், அது உங்கள் குணம்.

போன வாரம் பூசாரியிடம் போய், உங்கள் பேரையும் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். "மில்காரரைக் கேட்டுச் சொல்றன்" என்றார். நேற்று பதில் சொன்னார்: "வெளியூர் போயிச் செத்தவரு. இங்க அவரு வூட்டுல பதில் சொல்ல ஆள் இல்லியேம்மா. பதில் இல்லாத பேரைக் கூப்பிட்டா தேர் நின்னுடும்."

நான் அவரோடு சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் சேந்தினேன், சோறு வடித்தேன். அத்தனை நேரமும் ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாகத் தமிழில்தான் சண்டை போடுகிறேன், தமிழில்தான் கணக்குப் பார்க்கிறேன். ஆனால் தேர் முன்னால் நின்று தமிழில் பதில் சொன்னதில்லை. தமிழில் பதில் சொல்ல எனக்கு ஒரு வீடு இல்லை என்று நினைத்திருந்தேன்.

நாளைக்கு எப்பவும் நிற்கிற இடத்தில் நிற்பேன். கட்டையைப் புடவைக்குள் சுற்றி எடுத்துப்போவேன். பசப்பாவுக்கு என் மகள் பதில் சொல்வாள், சொல்லி வைத்திருக்கிறேன். அதோடு பேர்கள் முடிந்தன என்று பூசாரி தட்டை எடுப்பார், மில்காரர் துண்டைத் தூக்குவார். உங்களை அவர்கள் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாவிட்டால் என்ன, நான் பதில் சொல்லிவிடுவேன்.

வந்தோம், அண்ணா.