மேனேஜரின் பேத்தி

தினமும் ஆபீஸ் போகிறவருக்கு,

நீங்கள் மறந்துவிட்டுப் போன புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கலாமென்று இன்று மத்தியானம் மாட்டுங்கா லைப்ரரிக்குப் போனேன். "வராந்தால சாப்பிடறாரே, அந்த சார் எடுத்தது, மாமி. வேலை போய் ஒரு மாசமாச்சாம். துப்பறியும் நாவல், கோயில் வரலாறு, மாடித்தோட்டம்னு ஒண்ணு விடாம படிச்சுட்டார்" என்றார் லைப்ரரியன். திரும்பிப் பார்த்தேன். நான் கட்டிக்கொடுத்த தயிர்சாதம். கூப்பிடாமல் புத்தகத்தோடு வந்துவிட்டேன்.

லைப்ரரியனிடம் சொல்ல முடிந்திருக்கிறது.

சாயங்காலமானால் எனக்கு ஆபீஸ் கதை சொன்னீர்களே, மேனேஜருக்குப் பேத்தி பிறந்ததுகூட. அது எந்தப் புத்தகத்தில் வருகிறது?

நீங்கள் விட்ட பக்கத்திலேயே இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். நாளையிலிருந்து ஐந்து மணிக்கு எழுந்து டிபன் கட்ட மாட்டேன். நீங்களும் முலுண்டில் ஏழு ஐம்பத்திரண்டு லோக்கல் ரயிலுக்கு ஓட வேண்டாம். லைப்ரரியைப் பத்து மணிக்குத்தான் திறக்கிறார்கள்.

இப்படிக்கு,
சொன்னதையெல்லாம் நம்பியவள்