பேர் வெட்டாத வாரியம்

ரிங்லெட் தேயிலைத் தோட்டம்

அன்பு மகள் பூவிழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் முருகன் புண்ணியத்தில் சுகம், மழைக்கு அவர் முழங்கால் வலிதான் கூடியிருக்கிறது. நீயும் சுகமென்று சொல்வாய், ஆனால் நான் நம்பமாட்டேன். இரண்டு மாதமாக எந்த நேரம் போன் போட்டாலும் அறையிலேயே இருக்கிறாய், கேட்டால் லீவு என்கிறாய். எந்த ஆஸ்பத்திரி இவ்வளவு லீவு தரும்? என் மனம் எங்கெங்கோ போனது, அதையெல்லாம் எழுதக் கை கூசுகிறது.

போன செவ்வாய்க்கிழமை தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி குகனேஸ்வரன், நீ இருக்கும் அயர்லாந்திலிருந்து உன் பேருக்கு வந்த ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தான். ஓரம் பிரிந்திருந்தது. மழையில் நனைந்து பிரிந்ததாம், படித்திருப்பான் என்றே நினைக்கிறேன். அவனிடம் வாசிக்கச் சொல்லாமல், முன்பு நம் தோட்டத்து கிளினிக்கில் ஊசி போடும் மிஸ்ஸியாக இருந்த பவுலினிடம் பஸ் ஏறிப் போனேன். அவள்தான் படித்துச் சொன்னாள். அது அங்குள்ள தாதியர் வாரியத்தின் கடிதமாம், நீ முதலில் பதிந்த நம் வீட்டு விலாசத்துக்கே வந்துவிட்டதாம். பக்கத்துக் கட்டில்காரருடைய மருந்தை நீ ஒரு தாத்தாவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டாயாம், விசாரணை முடியும்வரை உன்னை வேலைக்கு வரவேண்டாம் என்றார்களாம். இப்போது விசாரணை முடிந்துவிட்டதாம், இனி ஆறு மாதம் இன்னொரு மிஸ்ஸி பக்கத்தில் நின்றால்தான் மருந்து கொடுக்கலாம், வகுப்புக்குப் போய்ப் பரீட்சையும் எழுத வேண்டும், ஆனால் தாதியர் பதிவேட்டிலிருந்து உன் பேரை வெட்டவில்லையாம்.

இது ஏமாத்து வேலை லா என்றேன் நான். அந்தக் காலத்தில் புல் மருந்தை அளவு தெரியாமல் கலந்து ஒரு நிரைத் தேயிலையை நான் கருக்கியபோது, கங்காணி அந்த வாரமே என் பேரை வெட்டினார், எப்படிக் கலப்பதென்று யாரும் சொல்லித் தரவில்லை. உனக்கு மட்டும் ஏன் இந்தத் தயவு? பெரிய மிஸ்ஸி தன் தவறை உன் தலையில் கட்டியிருப்பாள், உன்னைக் காட்டிக் கொடுத்தது யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பவுலின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அக்கா, யாரும் காட்டிக் குடுக்கல, பூவிழியேதான் ஓடிப் போயி சொல்லியிருக்கா, அவ உடனே சொன்னதாலதான் தாத்தா பொழச்சாருன்னு இதுல எழுதியிருக்கு என்றாள். அந்த இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

வீட்டில் சொன்னதும் அப்பா கடிதத்தை வாங்கி மடித்து உறையில் வைத்தார். பிறகு, நம்மகிட்ட ஏன் சொல்லல என்று மட்டும் கேட்டார். நீ ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் அவரிடம் சொல்லவில்லை. யாருக்கு என்ன ஆனாலும் யார் செய்தது என்றுதானே நான் முதலில் கேட்பேன். அந்தத் தாத்தா எப்படி இருக்கிறார் என்று அன்றைக்குக்கூட நான் கேட்கவில்லை, பவுலின் தானாகச் சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு மாதம் உன்னைச் சந்தேகப்பட்டேன் பூவிழி. அது என் தவறு, நானே சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் அந்த வாரியத்தை இன்னும் முழுதாக நம்பவில்லை. எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, நகல் வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. பரீட்சை எந்தத் தேதி என்று மறக்காமல் சொல், உன் பேரில் அர்ச்சனை செய்யவேண்டும். நீ நல்லபடியாக மறுபடி வார்டுக்குப் போக எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உண்டு.

உன் அம்மா
சரோஜா வேலப்பன்